இடம் மாறும் எடை

மலை வேட்டைக்கு ரைஃபிள் எவ்வளவு லேசாக இருக்கலாம்? காளிகாட்டில் புறப்பட்டு இச்சாப்பூரில் முடியும் ஒரு நாள் பயணத்தில், இந்தப் பழைய வாதத்தின் தடயங்கள் கொல்கத்தா முழுக்கக் கிடைக்கின்றன.

காளிகாட்டில் கத்திக்கு ஒரு விதி உண்டு: ஒரே வெட்டு. பலிக்கு வரும் ஆட்டின் கழுத்து ஒரே வீச்சில் துண்டாக வேண்டும். இரண்டாவது வீச்சு அபசகுனம். அதனால்தான் பலிக் கத்தி லேசாக இருப்பதில்லை. அகலமான, கனத்த இரும்பு அது. பாதி வேலையை வெட்டுபவரின் கை செய்கிறது. மீதியைக் கத்தியின் எடை செய்து முடிக்கிறது.

செவ்வாயும் சனியும் இங்கே கூட்டம் நெரிகிறது. 51 சக்தி பீடங்களில் ஒன்றான இந்த இடத்தில் இப்போதுள்ள கோயில் 1809-இல் கட்டப்பட்டது. செம்பருத்தி மாலை, பேடா, குங்குமம், விடாமல் பின்தொடரும் பண்டாக்கள் என்று எதற்கும் குறைவில்லை. கோயிலுக்குப் பின்னால் ஒரு காலத்தில் கங்கையாக ஓடிய ஆதி கங்கை, இன்று கறுத்த வாய்க்கால். சிறிது தூரத்தில் மெட்ரோ நிலையம். அதைத் தாண்டினால் லேக் மார்க்கெட். பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி என்பதால், அங்கே கறிவேப்பிலைக்கும் காபிப் பொடிக்கும் அலைய வேண்டியதில்லை.

காளிகாட்டுக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கும் உள்ள தொடர்பைக் கோயிலுக்கு வெளியே தேட வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயில் தெருக்களில் குடியிருந்த பட்டுவாக்கள், யாத்ரீகர்களுக்காகச் சில காசுகளுக்குப் படம் எழுதி விற்றார்கள். காளி, துர்க்கை, குடுமிச் சாமியார், மைனர் பாபு ஆகியோரோடு வெள்ளைக்காரனும் அந்தப் படங்களில் இடம்பெற்றான். யானை மேல் உட்கார்ந்து புலியைச் சுடும் வெள்ளைக்காரன்.

படம் சொல்லும் செய்தி முக்கியமானது. வங்காளச் சமவெளியின் வேட்டையில் துப்பாக்கியைச் சுமந்தது யானை. அம்பாரியில் சாய்த்து வைக்கும் ரைஃபிள் 6 கிலோ இருந்தால் என்ன, 7 கிலோ இருந்தால் என்ன? இரண்டு குழல், பெரிய தோட்டா, பெரிய சத்தம். கூச் பிஹார் மகாராஜா நிருபேந்திர நாராயணன் 37 ஆண்டு வேட்டைக் கணக்கை 1908-இல் புத்தகமாகவே வெளியிட்டார். அதில் 365 புலிகள், 207 காண்டாமிருகங்கள். இன்று படிக்கும்போது உடல் பதறும் எண்ணிக்கை. பெரும்பாலும் யானைப் படையோடு நடந்த வேட்டை அது. அங்கே யாரும் துப்பாக்கியை நிறுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மலை வேறு சமாச்சாரம். சியால்டாவில் ரயிலேறி வடக்கே போன வேட்டைக்காரன் இமயத்தின் அடிவாரத்தில் யானையிடமிருந்து விடைபெற வேண்டியிருந்தது. கோரல், இமாலய வரையாடு, நீல ஆடு எல்லாம் செங்குத்துப் பாறையில் வாழ்பவை. ஓர் ஆட்டைப் பார்ப்பதற்கு நாள் முழுக்க ஏற வேண்டும். கடைசி நூறு மீட்டரைத் தவழ்ந்து கடக்க வேண்டும். காற்று மெலிந்த அந்த உயரத்தில், காலையில் 4 கிலோவாக இருந்த ரைஃபிள் மாலையில் 10 கிலோவாகத் தோன்றும். அங்கேதான் லேசான ரைஃபிள் என்ற ஆசை பிறந்தது.

அந்த ஆசையை விற்ற கடைகளைப் பார்க்க, காளிகாட்டிலிருந்து மெட்ரோவில் எஸ்பிளனேடு வரை போனால் போதும். இறங்கி வடக்கே நடந்தால் பழைய கோர்ட் ஹவுஸ் தெரு. இன்றைய பெயர் ஹேமந்த பாசு சரணி. 1911 வரை இந்தியாவின் தலைநகரமாக இருந்த ஊரின் மையம் இது. வைஸ்ராயின் மாளிகை ஒரு முனையில், டல்ஹவுசி சதுக்கம் மறுமுனையில். நடுவில் தையற்காரர்கள், நகைக்காரர்கள், துப்பாக்கி வியாபாரிகள். மேன்டன் கம்பெனி, ரோடா கம்பெனி என்று ஆங்கிலப் பெயர்கள். அவற்றோடு 1835-இல் தொடங்கிய நர்சிங் சந்தர் டா கம்பெனி. டா குடும்பத்தின் ஜோராசாங்கோ வீட்டை ஊர் இன்றும் 'துப்பாக்கிக்காரர் வீடு' என்றே அழைக்கிறது. அந்த வீட்டு துர்கா பூஜையில் சந்தி பூஜை நேரத்தில் சிறு பீரங்கி ஒன்று முழங்கும்.

மேன்டன் கடைக்கு 1905-இல் லண்டனிலிருந்து ஒரு ரைஃபிள் வந்து சேர்ந்தது. ஜான் ரிக்பி கம்பெனி செய்தது; .275 போர். ஜெர்மன் மவுசரின் 7 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ரிக்பி வைத்த ஆங்கிலப் பெயர்தான் .275. எடை சுமார் 3 கிலோ 200 கிராம். ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட், அதை 1907-இல் ஒரு ரயில்வே ஊழியருக்குப் பரிசளித்தார். சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்கான பரிசு அது. ரயில்வே ஊழியரின் பெயர் ஜிம் கார்பெட். விவரம் பொறித்த வெள்ளித் தகடு இன்றும் அந்த ரைஃபிளின் கட்டையில் இருக்கிறது.

அதன்பின் கார்பெட் இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவே வாழ்ந்தார் என்றே சொல்லலாம். ஒன்று இந்த லேசான ரிக்பி. மற்றொன்று .450/400 போர், இரட்டைக் குழல் ஜெஃப்ரி. நாலரை கிலோவுக்குக் குறையாதது. நாள்கணக்கில் மலையேறி இறங்கும்போது முதலாவது வசதி. பத்தடி தூரத்தில் புதரிலிருந்து புலி பாயும் என்ற நிலையில் இரண்டாவது ஆறுதல். 1938-இல் தாக் கிராமத்து ஆட்கொல்லியை எதிர்கொண்டபோது அவர் கையில் இருந்தது இரட்டைக் குழல்.

ஆனால் 1930-இல் சௌகட் பெண்புலி விஷயத்தில் கதை வேறு. இடது கையில் பறவை முட்டைகள். வலது கையில் லேசான ரைஃபிள். ஒரு பாறையைச் சுற்றித் திரும்பினால் எட்டடி தூரத்தில் புலி. வேகமாக அசைந்தால் பாய்ந்துவிடும். கார்பெட் ஒற்றைக் கையால் ரைஃபிளை அங்குலம் அங்குலமாகச் சுழற்றி, குழல் புலிக்கு நேராக வந்ததும் சுட்டார். தன் உயிரைக் காத்த மூன்று காரணங்களில் ஒன்றாக ரைஃபிளின் லேசான எடையை அவரே பட்டியலிட்டார். கனத்த துப்பாக்கியை ஒற்றைக் கையால் அப்படித் திருப்பியிருக்க முடியாது.

லேசான ரைஃபிளின் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. எதிர்க்கட்சியின் வாதமும் பலமானதுதான்.

முதல் வாதம் உதைப்பு. தோட்டா முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் பாய்கிறது. இது நியூட்டன் விதி. ஒரே தோட்டாவை 4 கிலோ ரைஃபிளிலும் இரண்டரை கிலோ ரைஃபிளிலும் சுட்டால், இரண்டாவது ரைஃபிள் தோளில் இறக்கும் சக்தி ஒன்றரை மடங்குக்கும் மேல். எடையைப் பாதியாக்கினால் உதை இரண்டு மடங்கு. தோள் வலிப்பது பெரிய விஷயமல்ல. வலிக்கும் என்று உடலுக்குத் தெரிந்துவிடுவதுதான் விஷயம். விசையை இழுக்கும் கணத்தில் கண் தானாக மூடும், தோள் சுருங்கும், குழல் விலகும்.

இரண்டாவது, நடுக்கம். மலையேறி வந்தவனுக்கு மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கனத்த குழல் அந்தத் துடிப்பை உள்வாங்கி நிதானமாக நிற்கும். லேசான குழல் ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடும். 300 மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஆட்டுக்கு, குழல் முனையின் மயிரிழை ஆட்டம் போதும். குறி நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கிவிடும்.

மூன்றாவது, சூடு. எடையைக் குறைக்கக் குழலை மெல்லியதாக்கினால் சில தோட்டாக்களிலேயே அது காய்ந்து குறி நகரத் தொடங்கும். குழலைக் குட்டையாக்கினால் தோட்டாவின் வேகம் குறையும். சத்தமும் காதைப் பிளக்கும்.

மலைக்கென்றே இன்னொரு பொறி இருக்கிறது. 45 டிகிரி சரிவில் 300 மீட்டர் தூரத்தில் தெரியும் விலங்குக்குக் கிடைமட்ட தூரம் 212 மீட்டர்தான். புவியீர்ப்பு தோட்டாவை வளைப்பது ஏறத்தாழ இந்தக் குறைந்த தூரத்துக்கு மட்டுமே. எனவே மேலே சுட்டாலும் கீழே சுட்டாலும் தோட்டா எதிர்பார்த்ததைவிட உயரத்தில் போகும். கணக்குத் தெரியாதவனுக்கு எந்த ரைஃபிளும் உதவாது. ஆனால் நிதானமாக நிற்கும் ரைஃபிள், தவறைக் கொஞ்சம் மன்னிக்கும்.

இன்று வெளிநாடுகளில் கரிம இழைக் கட்டையும் டைட்டானியமும் சேர்த்து இரண்டேகால் கிலோவில் மலை ரைஃபிள் விற்கிறார்கள். அதன் மேல் தொலைநோக்கி, வார், தோட்டா எல்லாம் ஏறினால் மூன்று கிலோவைத் தாண்டிவிடும். வாங்குபவர் காசு கொடுத்துக் குறைத்த எடையில் பாதி இப்படித் திரும்பி வந்துவிடுகிறது.

தெற்கிலும் இதே வாதம் நடந்தது. சேலம், தருமபுரி காடுகளின் கதைகளால் தமிழர்களுக்கு அறிமுகமான கென்னத் ஆண்டர்சன், .405 வின்செஸ்டர் ரைஃபிளை நம்பினார். சுமார் 4 கிலோ எடைக்குள் பெரிய தோட்டா; அதற்கு விலை, பேர்போன உதைப்பு. நீலகிரியில் வரையாட்டைத் தேடிப் போன தோட்டத் துரைமார்களின் பிரச்சினை வேறு. குறி சற்றுத் தவறினால் அடிபட்ட ஆடு செங்குத்துப் பள்ளத்தில் உருண்டுவிடும். இறைச்சியும் கிடைக்காது, கொம்பும் கிடைக்காது. காயத்தோடு அது எத்தனை நாள் கிடந்தது என்பதும் தெரியாது. வேட்டை கட்டுமீறிப் போனதால், நீலகிரிக்கென்றே 1879-இல் வேட்டைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதே வரையாடு இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்கு.

கல்கத்தாவின் துப்பாக்கித் தெருவுக்குத் திரும்பினால், லேசான ஆயுதம் வேட்டைக்கு மட்டும் பயன்படவில்லை என்பது தெரியும். 1914 ஆகஸ்ட் 26 அன்று ரோடா கம்பெனிக்கு வந்த சரக்கில் 50 மவுசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் மாட்டு வண்டியோடு மாயமாயின. திட்டத்தின் உள்ளாள் கம்பெனி குமாஸ்தா சிரீஷ் சந்திர மித்ரா. பிஸ்டலின் மர உறையைப் பின்னால் பொருத்தினால் அது குட்டி ரைஃபிளாகிவிடும். வேட்டிக்குள் மறைக்கலாம், தோளில் வைத்தும் சுடலாம். 1915 செப்டம்பரில் பாலாசோர் அருகே பாகா ஜதீனும் நான்கு தோழர்களும் போலீஸ் ரைஃபிள்களை எதிர்த்து நின்றது இந்த மவுசர்களோடுதான். லேசான ஆயுதம் அவர்களை அதுவரை கொண்டு சேர்த்தது. வெட்டவெளியில், நீண்ட குழல்களுக்கு எதிரே, அதன் எல்லையும் தெரிந்துபோயிற்று. ஜதீன் மறுநாள் இறந்தார்.

எஸ்பிளனேடிலிருந்து மெட்ரோ வடக்கே டம்டம் போகிறது. பெரும்பாலான பயணிகளுக்கு அது விமான நிலையத்தின் பெயர். உலகத்துக்கோ அது ஒரு தோட்டாவின் பெயர். அந்தத் தோட்டா பிறந்ததற்கும் காரணம் மலையும் எடையும்தான்.

பிரிட்டிஷ் சிப்பாயின் பழைய மார்ட்டினி ஹென்றி ரைஃபிளின் ஈயக் குண்டு 31 கிராம் எடை. அதன் இடத்துக்கு வந்த .303 லீ மெட்ஃபோர்டின் குண்டு 14 கிராம்தான். சிப்பாய் அதிகத் தோட்டாக்களைச் சுமக்கலாம், உதை குறைவு, குண்டு வெகுதூரம் நேராகப் போகும். எல்லாம் லாபம் என்றே தோன்றியது. 1895-இல் வடமேற்கு எல்லையின் சித்ரால் மலைகளில் சண்டை வந்தபோது வேறு புகார் எழுந்தது. சிறிய, கடினமான குண்டு எதிரியின் உடலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுகிறது. அடிபட்டவன் நிற்காமல் ஓடி வருகிறான் என்றார்கள்.

விடையைக் கண்டுபிடித்தவர் டம்டம் ஆயுதசாலையின் கேப்டன் பெர்ட்டி கிளே. குண்டின் மேலுறையை நுனியில் மட்டும் விட்டுவிட்டு ஈயத்தை வெளியே தெரிய வைத்தார். உடலில் பட்டதும் நுனி காளான்போல விரியும். சிறிய குண்டு பெரிய குண்டின் காயத்தை உண்டாக்கும். காயம் அவ்வளவு கொடூரமாக இருந்ததால், 1899-இல் ஹேக் மாநாடு போரில் இத்தகைய குண்டுகளைத் தடை செய்தது.

வேட்டையில் தடை வரவில்லை. அங்கே நியாயம் தலைகீழ். விரியாத குண்டு விலங்கைக் காயத்தோடு ஓடவிட்டு நாள்கணக்கில் சாகடிக்கும். விரியும் குண்டுதான் சீக்கிரம் கொல்லும். .275 போன்ற சிறிய போர்கள் மலையில் பெரிய விலங்குகளை வீழ்த்தியதற்கு இத்தகைய மென்முனைத் தோட்டாக்கள் முக்கியக் காரணம். மனிதனுக்குக் கொடுமை என்று விலக்கியது, விலங்குக்குக் கருணை என்று நிலைத்துவிட்டது. லேசான ரைஃபிளின் வரலாற்றில் இதைவிடச் சங்கடமான அத்தியாயம் இல்லை.

டம்டம் ஜங்ஷனில் லோக்கல் ரயிலுக்கு மாறினால் ஒரு மணிக்குள் இச்சாப்பூர். ஹூக்ளிக் கரையில் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்த இடம்; 1904-இல் ரைஃபிள் தொழிற்சாலை வந்தது. செங்கல் சுவர், சைக்கிள்கள், ஷிஃப்ட் முடிந்தால் நிரம்பி வழியும் டீக்கடைகள் என்று ஊரே தொழிற்சாலையைச் சுற்றி வாழ்கிறது. 2021 அக்டோபரில் இந்தியாவின் ஆயுதத் தொழிற்சாலைகள் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டபோது, இதுவும் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் ஒரே கம்பெனியின் கீழ் வந்தன.

பொதுமக்களுக்கான .315 ரைஃபிள் இச்சாப்பூரின் பழைய சரக்கு. ராணுவத் தோட்டா கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்ற பயத்தில் காலனி அரசு ராணுவ போர்களைப் பொதுமக்களுக்குக் கட்டுப்படுத்தியது. அதனால் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு அமைப்பையே எடுத்து வேறு தோட்டாவுக்கு மாற்றினார்கள். இந்தியக் கிராமங்களில் 'முந்நூற்றுப் பதினைந்து' என்றால் பலருக்கும் புரியும். மலை ரைஃபிள் என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் லைசென்ஸ் வைத்திருந்த சாதாரண இந்தியனுக்குக் கிடைத்தது அதுதான்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை என்ற பொழுதுபோக்கை முடித்துவைத்தது. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கல்கத்தா கடைகளின் பொற்காலம் பழங்கதையாயிற்று. கார்பெட்டின் ரிக்பிகூட லண்டன் கம்பெனியிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. 2016-இல் ஒருமுறை விருந்தாளியாக இந்தியா வந்துபோனது.

எனினும் கேள்வி ஓய்வுபெறவில்லை. உத்தரகண்ட் மலைக் கிராமங்களில் சிறுத்தை குழந்தையைத் தூக்கிப் போகும்போது, பிடிக்கவோ மயக்கவோ முடியாத நிலையில் மட்டும், தலைமை வனவிலங்குக் காப்பாளர் சுட அனுமதி தரலாம். அப்போது யாரோ ஒருவர் ரைஃபிளோடு சரிவில் ஏறுகிறார். முதல் குண்டு தவறிக் காயம் மட்டும் பட்டால், மறுநாள் காலை புல் வெட்டப் போகும் பெண்கள் முன்னைவிட ஆபத்தான விலங்கைச் சந்திப்பார்கள்.

இன்னொரு பக்கம் சிப்பாய். 1962-இல் சீனப் படைகளை எதிர்த்து இந்திய ஜவான்கள் இமயத்தில் ஏறியபோது, அவர்கள் சுமந்தது ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள பழைய .303. பின்னர் வந்தது 7.62 மில்லிமீட்டர் எஸ்எல்ஆர். எடை அதைவிட அதிகம். 1990களில் 5.56 மில்லிமீட்டர் இன்சாஸ் வந்தது. இச்சாப்பூரும் திருச்சியும் அதைச் செய்தன. 7.62 தோட்டா ஒன்று சுமார் 24 கிராம்; 5.56 அதில் பாதி. அதே சுமையில் இரண்டு மடங்கு தோட்டா. 1999-இல் கார்கில் சிகரங்களில் அது சோதனைக்கு உள்ளானது. கடுங்குளிரில் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டதாகப் புகார்கள் வந்தன. சிறிய தோட்டாவின் வலிமை போதுமா என்ற பழைய சித்ரால் கேள்வியும் திரும்பி வந்தது. 2019-இல் ராணுவம் அமெரிக்காவிலிருந்து 72,400 சிக் 716 ரைஃபிள்களை வாங்க ஒப்பந்தம் செய்தது. அவற்றின் போர் மறுபடியும் 7.62.

நூறாண்டுக்கு மேற்பட்ட இந்தக் கணக்கில் எடை ஒருபோதும் மறைந்துவிடவில்லை. ஓரிடத்தில் குறைத்தால் வேறிடத்தில் ஏறிக்கொள்கிறது. காலுக்கு மிச்சமானது தோளில் விழுகிறது. தோளுக்கு மிச்சமானது குறியில் பிழையாகிறது. குறி பிழைத்தால், மொத்தச் சுமையும் காயம்பட்ட விலங்கின் மேலும், அதன் வழியில் குறுக்கிடும் மனிதர் மேலும் போய் இறங்குகிறது. எவ்வளவு லேசான ரைஃபிளைச் சுமக்கலாம் என்பதற்கு விடை தராசில் இல்லை. ஏறி வந்த களைப்பில், மூச்சு அடங்காத நிலையில், முதல் குண்டையே சரியாகப் போட எதனால் முடிகிறதோ அதுதான் சரியான எடை. ஒரே வெட்டு என்ற காளிகாட்டு விதி சொல்வதும் இதையே.

இச்சாப்பூரில் மாலை ஷிஃப்டின் சங்கு ஒலிக்கும்போது, தொழிலாளிகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறார்கள். அவர்கள் செய்யும் ரைஃபிளை ஏதோ ஒரு பனிச்சரிவில் ஒரு தமிழ் ஜவானோ வங்காள ஜவானோ தோளில் மாட்டிக்கொண்டு ஏறுவான். கிராமுக்குக் கிராம் கணக்குப் பார்க்க, அவனைவிட உரிமை உள்ளவர் யாருமில்லை.